எரிமலை மீது விழுந்த பழி
1,600 ஆண்டுகளுக்குப் பிறகு உண்மையைச் சொன்ன கடலடிச் சேறு

கி.பி. 365-ம் ஆண்டு. ஜூலை மாதம் 21-ந் தேதி. பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது.

எகிப்து நாட்டின் பெரிய துறைமுகமான அலெக்சாண்டிரியாவில் பூமி அதிர்ந்தது. சிறிது நேரத்தில், யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கடல் பின்வாங்கியது!

கரையோரம் வற்றிப்போயிற்று. கப்பல்கள் தரை தட்டி நின்றன. சேற்றில் மீன்கள் துள்ளின. அதுவரை யாரும் பார்த்திராத கடலடி மேடுகளும் பள்ளங்களும் வெயிலில் தெரிந்தன.

மக்கள் பயந்து ஓடவில்லை. வேடிக்கை பார்க்க இறங்கினார்கள். வெறும் கையாலேயே மீன்களைப் பிடித்தார்கள்.

போன கடல் திரும்பி வந்தது. மலைபோல் எழுந்து வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பெரிய கப்பல்கள் வீட்டுக் கூரைகளின் மேல் கிடந்தன.

இதை எழுதி வைத்தவர் அம்மியானஸ் என்ற ரோமானிய சரித்திர ஆசிரியர். அவர் முன்பு போர் வீரராக இருந்தவர். கிரேக்க நாட்டில் மெத்தோனி என்ற ஊருக்கு அருகே, கடலிலிருந்து ஏறக்குறைய 2 மைல் உள்ளே தூக்கி எறியப்பட்ட ஒரு கப்பலைத் தானே நேரில் பார்த்ததாக அவர் குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் கப்பல் அங்கேயே கிடந்து மட்கிக்கொண்டிருந்ததாம்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமியைக் கண்ட நம் கடற்கரை மக்களுக்கு, இது எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

கரையில் நடந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எழுதியவரும் இருந்தார். ஆனால் அதே நாளில், நடுக்கடலின் அடியில், 13 ஆயிரம் அடி ஆழத்தில் என்ன நடந்தது?

அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. அங்கே இருந்த சாட்சி ஒன்றே ஒன்றுதான். அது சேறு. அந்தச் சேறு பேசுவதற்கு 1,600 ஆண்டுகள் ஆயின. பேசிய பிறகும், அது சொன்னதை விஞ்ஞானிகள் சரியாகப் புரிந்துகொள்ள மேலும் 30 ஆண்டுகள் ஆயின!

ஓசையில்லாத மழை

ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே இருப்பது மத்திய தரைக்கடல். அதன் நடுப்பகுதிக்கு அயோனியன் கடல் என்று பெயர். மேற்கே இத்தாலி நாடும் சிசிலி தீவும் இருக்கின்றன. கிழக்கே கிரேக்க நாடு. தெற்கே லிபியா.

நான்கு பக்கமும் சரிவுகள் சூழ்ந்த பெரிய பள்ளம் அது. அதற்குள் விழுந்த மண், வெளியேற வழி இல்லை. இப்படி அடைபட்டுக் கிடக்கும் கடலடிப் பள்ளங்கள்தான் ஆராய்ச்சியாளர்களுக்குப் புதையல்.

சாதாரண நாட்களில், ஆழ்கடலின் அடியில் சேறு சேருவது மிக மெதுவாக நடக்கும் வேலை. கடலில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவை செத்ததும், அவற்றின் ஓடுகள் கீழே இறங்குகின்றன. காற்றில் பறந்து வரும் பாலைவனத் தூசியும் கூடவே இறங்குகிறது. இரவும் பகலும் ஓசையில்லாமல் பெய்யும் மழை இது.

இந்த மழையால் சேரும் சேறு எவ்வளவு தெரியுமா? மத்திய தரைக்கடலின் கிழக்குப் பகுதியில், 1,000 ஆண்டுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு அங்குலம்தான்!

ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டி ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அன்று அந்தக் கடலடியில் விழுந்த தூசி, இன்று இரண்டு விரல் பருமன் சேற்றுக்கு அடியில்தான் இருக்கும்.

நிற்காமல் போன குழாய்

கடலடிச் சேற்றை எப்படி எடுக்கிறார்கள்?

நீண்ட இரும்புக் குழாய் ஒன்றின் தலையில் கனமான எடையைக் கட்டுவார்கள். கப்பலிலிருந்து கம்பியில் இறக்குவார்கள். அடியை நெருங்கியதும், குழாய் தன் பாரத்தால் சேற்றுக்குள் குத்திக்கொண்டு இறங்கும். மேலே இழுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பார்ப்பார்கள். மேலே புதிய சேறு. கீழே போகப் போகப் பழைய சேறு. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டினால் பட்டை பட்டையாகத் தெரிவதுபோல், அடுக்கு அடுக்காகத் தெரியும்.

இத்தாலி நாட்டு மிலான் சர்வகலாசாலையில் மரியா பியாங்கா சீட்டா என்ற பெண் பேராசிரியர் இருந்தார். 1970-ம் ஆண்டில் 'குளோமர் சாலஞ்சர்' என்ற கப்பல் மத்திய தரைக்கடலின் அடியைத் துளையிட்டபோது, அதில் சென்ற விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர். அவரும் கிம் காஸ்டன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் அயோனியன் கடலில் எடுத்த சேற்றுக் குழாய்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அப்போது ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள்.

குழாயின் மேல் பகுதியில் வழக்கமான மெல்லிய அடுக்குகள் இருந்தன. அதற்குக் கீழே அடுக்கே இல்லை! சாம்பல் நிறத்தில், ஒரே சீராக, மாவு போன்ற நைசான சேறு. அடிக்கணக்கில் அதுவே போய்க்கொண்டிருந்தது. கோடு இல்லை. புழு துளைத்த அடையாளம் இல்லை.

1,000 ஆண்டுக்கு ஓர் அங்குலம் சேரும் இடத்தில் இது எப்படி வந்தது? மெதுவாக விழுந்திருந்தால் அடுக்கு தெரிய வேண்டும். தெரியவில்லை. அப்படியானால், இது அத்தனையும் ஒரே தடவையில் வந்து விழுந்திருக்க வேண்டும்!

ஒரே சீராக இருந்ததால், அதற்கு 'ஹோமோஜினைட்' என்று பெயர் வைத்தார்கள்.

பள்ளத்தில் உண்டு, மேட்டில் இல்லை

இன்னொரு விசித்திரமும் இருந்தது.

அந்தக் கடலடியின் ஒரு பகுதி, கருங்கல் பாவிய பழைய தெருவைப்போல் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பள்ளத்தில் குழாயை இறக்கினால், பல அடி கனத்துக்கு அந்தச் சேறு வந்தது. பக்கத்து மேட்டின் உச்சியில் இறக்கினால், அந்தச் சேறு அடியோடு இல்லை! அங்கே வழக்கமான மெல்லிய அடுக்குகள்தான் அமைதியாக இருந்தன.

நினைத்துப் பாருங்கள். ஆராய்ச்சியாளர்கள் மேட்டில் மட்டும் குழாயை இறக்கியிருந்தால், 'இந்தக் கடலில் ஒன்றுமே நடக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். பள்ளத்தில் மட்டும் இறக்கியிருந்தால், 'கடல் முழுவதும் சேறு மூடியது' என்று எழுதியிருப்பார்கள். இரண்டுமே தவறு.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள இந்த வித்தியாசமே முதல் துப்பு. மேலிருந்து சீராக விழுந்த பொருள் என்றால், மேட்டிலும் கொஞ்சம் இருக்க வேண்டும். பள்ளத்தில் மட்டும் இருக்கிறது என்றால், அது தண்ணீரைப்போல் ஓடி வந்து தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஏரியில் நடப்பதுதான் அங்கும் நடந்தது

கிராமத்து மக்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. மழைக்காலத்தில் வெள்ளம் ஏரிக்குள் புகுவதைப் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளம் நுழையும் வாயிலில் சரளைக் கல்லும் பருமணலும் விழுந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் பொடிமணல் படியும். நைசான வண்டல் மட்டும் தண்ணீரோடு கலந்து ஏரி முழுவதும் பரவும். வெள்ளம் எதிர்க்கரையில் மோதித் திரும்பும். பிறகு தண்ணீர் மெல்லத் தெளியும். கோடையில் ஏரி வற்றினால், தாழ்ந்த இடத்தில் வண்டல் கனமாகப் படிந்திருக்கும். கரையோரத்தில் மெலிந்திருக்கும். நடுவே உள்ள திட்டில் ஒன்றும் இருக்காது. உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளுவது தாழ்ந்த இடத்தில்தான்.

ஆழ்கடல் பள்ளமும் ஏரி மாதிரிதான். ஆனால் அங்கே வெள்ளம் எங்கிருந்து வருகிறது?

பூமி அதிரும்போது, கரையை ஒட்டிய கடலடிச் சரிவுகளில் படிந்திருக்கும் மண் பெயர்ந்து சரிகிறது. தண்ணீரோடு கலந்து கலங்கல் ஆகிறது. கலங்கிய நீர், தெளிந்த நீரைவிடக் கனமானது. ஆகவே அது மேலே வராமல், கடலின் அடியோடு அடியாகப் பாய்ந்து ஆழத்துக்குப் போகிறது.

இது வெறும் ஊகம் அல்ல. 1929-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்து தீவுக்குத் தெற்கே கடலில் பூகம்பம் நிகழ்ந்தது. கடலடியில் போட்டிருந்த 12 தந்திக் கம்பிகள் அறுந்தன. அருகே இருந்தவை உடனே அறுந்தன. தூரத்தில் இருந்தவை பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசிக் கம்பி அறுந்தது 13 மணி நேரத்துக்குப் பிறகு!

பூகம்பம் ஓய்ந்து அவ்வளவு நேரம் கழித்துக் கம்பியை அறுத்தது யார்? 1952-ம் ஆண்டில் ஹீசன், எவிங் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் விடை சொன்னார்கள். பூகம்பத்தால் சரிந்த மண், கலங்கல் வெள்ளமாகி, வழியில் இருந்த கம்பிகளை வரிசையாக அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. கம்பி அறுந்த நேரங்களே அந்த வெள்ளத்தின் வேகத்தைக் காட்டிக்கொடுத்தன.

மூன்று கரையிலிருந்தும் வந்தது

அயோனியன் கடலில் சிறிய பள்ளங்களைவிட, நடுவே உள்ள பெரிய ஆழ்சமவெளியில் சேறு இன்னும் கனமாக இருந்தது. ஒலி அலைகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு அளந்தபோது, 65 முதல் 80 அடி கனம் இருப்பது தெரிந்தது. ஏழு மாடிக் கட்டிடத்தின் உயரம்! ஓசையில்லாத மழை மட்டும் இதைச் சேர்த்திருந்தால், சுமார் 5 லட்சம் ஆண்டுகள் பிடித்திருக்கும்.

சேற்றின் கனம் மட்டும் இடத்துக்கு இடம் மாறவில்லை. சேற்றின் குணமும் மாறியது.

சிறிய பள்ளங்களில் அடிமுதல் மேல்வரை நைசான சேறுதான். சுற்றியுள்ள மேடுகளின் சரிவுகளில் இருந்த மண்ணே கலங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. பெரிய சமவெளியிலோ, சேற்றுக்கு அடியில் மணல் இருந்தது. அந்த மணல் சமவெளிக்கு உரியது அல்ல. தெற்குப் பகுதி மணலில், ஆப்பிரிக்கக் கரையோரத்தில் ஆழமில்லாத நீரில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் கிடந்தன. கரையில் வாழ்ந்தவை 13 ஆயிரம் அடி ஆழத்துக்கு எப்படி வந்தன? வெள்ளம்தான் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

வேறு இடங்களில், இத்தாலிப் பக்கத்திலிருந்து வந்த மணல் இருந்தது. ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல மணல் அடுக்குகளும் இருந்தன. அவற்றின் மேல், எல்லாவற்றுக்கும் பொதுவாக, அந்த ஒரே சீரான சேறு.

இதற்கு அர்த்தம் என்ன? ஒரே சமயத்தில் பல கரைகளிலும் சரிவுகள் இடிந்திருக்கின்றன. பல பக்கமிருந்தும் கலங்கல் வெள்ளங்கள் பள்ளத்துக்குள் பாய்ந்திருக்கின்றன. முதலில் மணல் விழுந்திருக்கிறது. நைசான சேறு வெளியேற வழி இல்லாமல் தேங்கி, மெல்ல மெல்லப் படிந்திருக்கிறது.

ஒரே நேரத்தில் இத்தனை கரைகளையும் உலுக்கியது எது?

பழி விழுந்தது

சீட்டாவும் காஸ்டன்சும் தங்கள் முடிவை 1981-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவர்கள் கை காட்டியது சாண்டோரினி எரிமலையை!

சாண்டோரினி கிரேக்க நாட்டின் ஒரு தீவு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பு அந்த எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுக்குள் அமிழ்ந்தது. அக்ரோத்திரி என்ற நகரம் சாம்பலில் புதைந்தது. 1967-ம் ஆண்டு முதல் அதைத் தோண்டி எடுத்துவருகிறார்கள்.

எரிமலை மீது சந்தேகம் விழக் காரணம் உண்டு. சேற்றுக் குழாய்களில், சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு முடிந்த ஒரு கறுப்பு அடுக்கு இருந்தது. மர்மச் சேறு அதற்கு மேலே கிடந்தது. எனவே அது 6,000 ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. அதன் மேல் எத்தனை அங்குலம் சாதாரணச் சேறு சேர்ந்திருக்கிறது என்று அளந்து, வயதைக் கணக்குப் போட்டார்கள். எரிமலை வெடித்த காலத்துக்கு அருகே வந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய சம்பவம் வேறு எதுவும் தெரியவில்லை.

நியாயமான முடிவுதான். ஆனால் கணக்கில் ஒரு பலவீனம் இருந்தது. சேறு சேரும் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒரு பள்ளத்தில் கொஞ்சம் வேகம். அடுத்த மேட்டில் கொஞ்சம் மெதுவு. சில அங்குல வித்தியாசம், காலக் கணக்கில் 1,000, 2,000 ஆண்டுகளைப் புரட்டிவிடும்.

தீர்ப்பு மாறியது

வயதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. உயிருள்ள எல்லாவற்றிலும் ஒருவகைக் கார்பன் இருக்கிறது. உயிர் போனதும் அது குறைய ஆரம்பிக்கும். சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகும். சேற்றில் உள்ள ஓடுகளில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், வயது தெரியும்.

ஆனால் எந்த ஓட்டை எடுப்பது? மர்மச் சேற்றுக்குள் இருக்கும் ஓட்டை எடுத்தால் ஏமாந்துபோவோம். அது எங்கோ சரிவில் பல ஆயிரம் ஆண்டுகள் கிடந்த பழைய ஓடு. வெள்ளத்தோடு வந்தது. சேற்றுக்குச் சற்றுக் கீழே உள்ளதையும், சற்று மேலே உள்ளதையும் எடுக்க வேண்டும். கீழே உள்ளது வெள்ளத்துக்கு முந்தியது. மேலே உள்ளது பிந்தியது.

இதிலும் இடம் பார்க்க வேண்டும். வெள்ளம் வேகமாகப் பாய்ந்த இடத்தில், அடியில் இருந்த அடுக்கை அது அரித்துக்கொண்டு போயிருக்கும். அங்கே எடுத்தால் வயது கூடிவிடும். வெள்ளம் அரிக்காமல் அமைதியாகப் படிந்த இடமே நம்பத் தகுந்தது.

இத்தாலிய ஆராய்ச்சியாளர் அலினா பொலோனியாவும் அவருடைய குழுவினரும் இப்படிப் பல குழாய்களை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். 2013-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

சேறு விழுந்தது 3,600 ஆண்டுகளுக்கு முன்பு அல்ல! கி.பி. 4-ம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 5-ம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில்!

அந்தக் காலத்தில் அத்தனை கரைகளையும் உலுக்கிய பேரழிவு எது? கி.பி. 365-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி, கிரீட் தீவின் அருகே நிகழ்ந்த பூகம்பமும் அதன் சுனாமியும்தான். கிரீட்டின் மேற்குக் கரையில், கடலுக்கு மேலே 30 அடி உயரம்வரை தூக்கப்பட்ட பழைய கடற்கரையின் அடையாளத்தை இன்றும் காணலாம். பலசர்னா என்ற பழைய துறைமுகம் இப்போது வறண்ட தரையில் நிற்கிறது. பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் இதை அந்தப் பூகம்பத்தின் வேலை என்றே கருதுகிறார்கள்.

அம்மியானஸ் கரையில் கண்ட அழிவும், ஆழத்தில் கிடந்த சேறும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின. எரிமலை மீது விழுந்த பழி நீங்கியது.

யாருக்கு என்ன லாபம்?

குற்றவாளி எரிமலையா, பூகம்பமா என்பதால் இன்று யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம்.

லாபம் உண்டு. சாண்டோரினியில் அவ்வளவு பெரிய வெடிப்பு மிக மிக அபூர்வம். ஆனால் கிரீட் தீவுக்கு அடியில், ஆப்பிரிக்கப் பக்கத்துப் பூமித் தகடு இன்றும் நழுவி இறங்கிக்கொண்டிருக்கிறது. 365-ல் பூமியை உலுக்கிய அதே இழுபறி இன்னும் ஓயவில்லை. அதைச் சுற்றியுள்ள கரைகளில் இப்போது பெரிய நகரங்கள் இருக்கின்றன. அலெக்சாண்டிரியாவில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள்.

அயோனியன் கடலின் மற்றச் சேற்று அடுக்குகளையும் இப்போது படித்துவருகிறார்கள். 1169, 1693, 1908 ஆகிய ஆண்டுகளில் சிசிலியையும் தென் இத்தாலியையும் அழித்த பூகம்பங்களோடு சில அடுக்குகளைப் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். எழுத்தில் இல்லாத பழைய பூகம்பங்களுக்கும் இப்படிக் கணக்கு எடுக்கலாம். எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு தடவை பூமி அதிர்கிறது என்பது தெரிந்தால், கரையில் வாழ்பவர்களைத் தயார்ப்படுத்தலாம்.

2004-ம் ஆண்டு இந்துமாக்கடல் சுனாமிக்குப் பிறகு, மத்திய தரைக்கடல் நாடுகளும் விழித்துக்கொண்டன. 2005-ம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் ஏற்பாட்டில் அங்கேயும் சுனாமி எச்சரிக்கை முறை உருவாக்கப்பட்டது.

எந்திரம் எச்சரிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அலெக்சாண்டிரியா மக்கள் கற்ற பாடம் நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடற்கரையில் பூமி அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று பின்வாங்கினாலோ, மீன் பொறுக்கப் போகக்கூடாது. மேட்டை நோக்கி ஓட வேண்டும்.

அயோனியன் கடலின் அடியில் இன்றும் அந்த மழை பெய்துகொண்டிருக்கிறது. 365-ம் ஆண்டுக்குப் பிறகு அந்த மழை மட்டும் சேர்த்த சேறு இரண்டு, மூன்று அங்குலம்தான். அதற்குக் கீழே, ஏழு மாடி உயரத்துக்கு, ஒரு நாள் காலையில் நடந்தது அப்படியே இருக்கிறது.